பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்: டர்பனில் பழைய வீடியோ கேம் வாங்குவது

2021 ஜூலை இரண்டாவது வாரத்தில் டர்பனில் இருந்தவர்கள் யாருக்கும் வீடியோ கேம் ஞாபகம் வந்திருக்காது. ஊரெங்கும் கலவரம். பாதிக் கடைகள் சூறையாடப்பட்டுவிட்டன, மீதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. ரொட்டி வாங்க விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். அங்கே நிற்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலத்தில், மேலுறைகூடப் பிரிக்காத ‘சூப்பர் மேரியோ 64’ ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிருக்கிறது. அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ராண்டைத் தாண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ‘செல்டா’ ஒன்று 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது.

எனக்கு முன்னால் நின்றவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த அண்ணன்; அவரிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். “இந்த கேம் எங்க வீட்டுலயே இருந்துச்சே தம்பி, பையன் யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டானே” என்றார்.

அவர் வீட்டில் மட்டுமா இருந்தது? உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற விளையாட்டு அது. அபூர்வம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அதை ஏலத்தில் எடுத்தவர் காசு கொடுத்தது விளையாட்டுக்கே இல்லை; அதன்மேல் சுற்றியிருந்த கண்ணாடித்தாளுக்கு. வாட்டா என்ற நிறுவனம் பெட்டிக்கு 10க்கு 9.8 என்றும், மேலுறைக்கு ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்றும் மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் வைத்துக் கொடுத்தது. அந்தக் கூட்டைத் திறந்தால் மதிப்பெண் போச்சு. அதனால் அதை இனி யாரும் விளையாடப் போவதில்லை. ஆகஸ்டில் ஒரு ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ 20 லட்சம் டாலருக்குப் போனது. அதைச் சொந்தமாக வைத்திருந்தது ஒரு ஆள்கூட இல்லை. பங்குகளாகப் பிரித்துப் பலருக்கு விற்றிருந்தார்கள். மறுவருடம் இந்த மதிப்பெண் வியாபாரத்தின்மேல் கலிஃபோர்னியாவில் வழக்கும் வந்தது. மேலுறையிட்ட பெட்டிகளின் விலை அப்புறம் நன்றாகவே இறங்கியது.

ஆனால் நம்மூர் விலை இறங்கவில்லையே, அது ஏன்? இதைத்தான் நான் எழுத வந்தேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன், டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. சின்ன வயதில் ஊரில் ‘டிவி கேம்’ என்று ஒன்று வைத்திருந்தோம். இங்கே வந்த பிறகு, அதே சாமானை இங்குள்ள பிள்ளைகளும் அதே டிவி கேம் என்ற பெயரில்தான் விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இங்கே அதற்கு ‘கோல்டன் சைனா’ என்று லேபிள். இரண்டுமே, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். தென்னாப்பிரிக்காவில் டிவி ஒளிபரப்பே 1976இல்தான் தொடங்கியது. 80களில் நிறவெறி ஆட்சியின்மீது உலக நாடுகளின் தடைகள் வேறு. அசல் நிண்டெண்டோ என்பது சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற இந்தியர் பகுதி வீடுகளுக்கு எட்டாத சமாச்சாரம். எட்டியதெல்லாம் கோல்டன் சைனாவும், முனைக்கடை டீரூமில் சில்லறை போட்டு ஆடும் பெரிய மெஷினும்தான்.

சாட்ஸ்வொர்த் அண்ணனின் அப்பா அப்படி ஒரு டீரூம் நடத்தியவர். அண்ணன் ஆயாவிடம் கற்ற தமிழ் பேசுவார். பேச்சு நடுவில் இங்கிலீஷுக்குத் தாவி, பிறகு திரும்பி வருவார். பழைய கேம் வாங்கிச் சேர்க்கும் எங்கள் குழுவில் மெஷின் ரிப்பேர் தெரிந்த ஒரே ஆள். அவருடைய மேஜையில்தான் நான் பெரும்பாலானவற்றைக் கற்றேன்.

சரி, விலைக்கு வருவோம். இங்கே விலை ஏறியதற்கு ஏலக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 2011இல் ஒரு டாலர் சுமார் 7 ராண்ட். 2023இல் 18க்கு மேல். அமெரிக்காவில் 50 டாலரிலேயே அசையாமல் நின்ற ஒரு கேசட்கூட, இங்கே 350 ராண்டிலிருந்து 900க்குப் போயிருக்கும். இதோடு இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பழைய ஞாபகம் வந்தது. இன்னொன்று, வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள். நல்ல சாமானைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். முதலிலேயே குறைவாக வந்த அசல் சரக்கு இன்னும் குறைந்துவிட்டது.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது, கேட்கிற விலையை விற்ற விலையாகக் காட்டுவது. “ஈபேயில் 200 டாலர் போட்டிருக்கு பாருங்க” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். யாரும் வாங்காததால்தானே அது இன்னும் அங்கே கிடக்கிறது? ஈபேயிலேயே ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்கலாம். பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் கேசட் மட்டும், பெட்டியோடு, பிரிக்காதது என்று தனித்தனியாக விலைப்போக்கு இருக்கிறது. விற்பவர் பெட்டியோடு உள்ள விலையைக் காட்டிவிட்டு வெறும் கேசட்டைக் கையில் வைத்திருப்பார். இதைக் கவனித்தாலே பாதிப் பேரம் முடிந்துவிடும்.

வெளியிலிருந்து வரவழைத்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடுவேன். பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி உண்டென்றால் அதையும் சேர்த்து, அதன்மேல் 15 சதவீத வாட் போடுவார்கள். தபால் செலவு தனி. கூரியர்க்காரர்கள் கையாளும் கட்டணம் என்று கடைசியில் ஒரு பில் நீட்டுவார்கள். இந்த மொத்தத் தொகைதான் என் உச்சவரம்பு. உள்ளூர்க்காரர் அதையே கேட்டால் நான் நகர்ந்துவிடுவேன். அந்தத் தொகைக்கு எனக்கு வேண்டிய பிரதியை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்து வரவழைத்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவேன். பெரும்பாலானவர்கள் முதலில் முறைப்பார்கள், ஒரு மாதம் கழித்து “இன்னும் வேணுமா?” என்று செய்தி அனுப்புவார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, கேம்பாய் எல்லாவற்றுக்கும் அட்டைப் பெட்டி. குழந்தைகள் கிழித்து எறிந்த சாமான் அது, அதனால்தான் இன்று பெட்டியோடு இருந்தால் வெறும் கேசட்டைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்கிறார்கள். அமெரிக்காவில், குளிரூட்டிய உலர்ந்த அறையில் வைத்திருப்பவருக்கு அது சரியான விலையாக இருக்கலாம். டர்பனில் கோடைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். கடல் பக்கத்திலேயே. இங்கே அட்டைப் பெட்டிக்குக் காசு கொடுப்பது பூஞ்சைக்குச் சோறு போடுவது மாதிரிதான். ஒரு நண்பர் அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, பெட்டிகளின் பின்புறம் மட்டும், அதாவது சுவரைத் தொட்ட பக்கம் மட்டும், பழுப்புப் புள்ளி விழுந்து மெத்தென்று இருந்தது. முன்பக்கம் புத்தம்புதுசு. புகைப்படத்தில் பார்த்தால் யாருமே ஏமாந்துவிடுவார்கள். அதனால்தான் பெட்டி விற்பவரிடம் நான் முதலில் கேட்பது பின்புறப் படம். நேரில் என்றால் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். பூஞ்சை வாசம் அடித்தால் அந்தப் பெட்டி பக்கத்தில் இருக்கிற பெட்டியையும் கெடுக்கும். வைத்தே தீருவேன் என்பவர்கள் சுவரிலிருந்து விரற்கடை தள்ளி வையுங்கள், மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அவ்வப்போது ஜெல்லை மாற்றுங்கள்.

கேசட்டின் உள்ளே இருக்கும் போர்டுக்கு இந்தக் காலநிலை அவ்வளவு பிரச்சினை இல்லை. முப்பது வருடம் கடந்தும் ஓடுகிறது. விளையாட்டு இருப்பது அதில்தான். காசு அதற்குத்தான்.

போர்டுக்குக் காசு என்றால் போர்டு அசலா என்று பார்க்கத் தெரிய வேண்டும். போகிமான் கேசட்டுகளில் இப்போது போலி எக்கச்சக்கம். கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டை எடுத்து, செருகும் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, போர்டில் நிண்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். போலியில் அது பெரும்பாலும் இருக்காது, அல்லது எழுத்து கோணலாக இருக்கும். அடுத்து லேபிள். அசலில் இரண்டு இலக்க எண் ஒன்றை மெலிதாக அழுத்திப் பதித்திருப்பார்கள். சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், விரலால் தடவினாலும் புரியும். இரண்டிலும் சந்தேகம் என்றால் திறந்து பார்த்துவிட வேண்டியதுதான். கேம்பாய் கேசட்டுகளுக்கு 3.8 மில்லிமீட்டர் பிட் போதும், அட்வான்ஸுக்கு மூன்று கால் திருப்புளி வேண்டும். விலை ஒன்றும் பெரிதில்லை. விற்பவர் “திறக்கக் கூடாது” என்று தடுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அண்ணன் எனக்கு முதன்முதலில் திறந்து காட்டியது ஒரு போகிமான் ‘எமரால்ட்’. வெல்வெட் துணியில் வைத்து, திருகை எடுத்து ஒரு சோடா மூடியில் போட்டுவிட்டு, ஓட்டை விரித்தார். பச்சைப் போர்டு, ஓரத்தில் காசு அளவு பேட்டரி, இரண்டு பக்கமும் உலோகத் தகடு வைத்துப் பற்றியிருந்தது. “அசலு” என்றார். அந்தக் கேசட்டை ஓட்டினால் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முதலிலேயே அறிவிப்பு வரும். வந்தால் பயப்பட வேண்டாம். அதில் நிற்பது கடிகாரம் மட்டும்தான், சேமித்த ஆட்டம் போகாது. பழைய ‘கோல்டு’, ‘சில்வர்’ வேறு ரகம். அவற்றில் பேட்டரி தீர்ந்தால் சேமித்ததும் சேர்ந்து அழியும். விற்பவர் “எல்லாம் ஓடுது” என்றால், புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கிச் சேமித்து, கேசட்டைக் கழற்றி, அரட்டை அடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பேட்டரி மாற்றுவது சாலிடர் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சின்ன வேலை, ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023இல் “லைட் இல்லை, டெஸ்ட் பண்ண முடியாது, நம்பி எடுத்துக்கோங்க” என்பது விற்பவர்களின் நிரந்தர வசனமாகிவிட்டது. அப்போதிருந்தே பேட்டரியில் ஓடும் ஒரு கேம்பாயைக் கையோடு கொண்டு போகிற பழக்கம். பெரிய கன்சோல் என்றால் அப்போதெல்லாம் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரத்துக்குத்தான் சந்திப்பு வைப்போம். சந்திக்கும் இடம் என்றைக்கும் கேமரா உள்ள மால்தான். முன்பின் தெரியாத ஆளை வீட்டில் சந்திக்கக் கூடாது என்பதை இங்கே யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கன்சோலை ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டர்பன் வீடுகளில் சின்னப் பழுப்புக் கரப்பான் உண்டு, அதற்குச் சூடான இடம் ரொம்பப் பிடிக்கும். பிளேஸ்டேஷன் 2 அதற்கு மாளிகை. காற்றுத் துளை ஓரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே குடும்பமே இருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கினால் வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் கராஜிலேயே திறந்து துடையுங்கள். தொடுமுனைகளைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். நிண்டெண்டோவே அதைச் செய்யாதே என்றுதான் சொல்லியிருக்கிறது. நாம்தான் ஊதி ஊதியே வளர்ந்தோம்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு, ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. அதை நம் 230 வோல்ட்டில், முனை மாற்றும் பிளக் மட்டும் வைத்துச் செருகினால் புகைதான். ஜப்பான் ஃபேமிகாமுக்குப் பத்து வோல்ட், நடுமுனை மைனஸ். இங்கே கடையில் கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். அடாப்டரின் மேலேயே சின்ன வட்டப் படம் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இன்னொன்று, இங்குள்ள டிவி முறைக்குப் பிஏஎல் என்று பெயர்; நமது பிஏஎல் கன்சோல்கள் 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. 60க்கு எழுதி, சரிப்படுத்தாமல் விட்ட விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மெகா டிரைவில் ‘சோனிக்’ ஆடி வளர்ந்தவர்கள் அமெரிக்கப் பிரதியை முதல்முறை பார்த்தால் பதறிப் போவார்கள்.

எந்த விளையாட்டுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதிலும் குழப்பம் நிறைய. பழையது என்றாலே அபூர்வம் என்று ‘ஃபிஃபா 98’க்கு 800 ராண்ட் போட்டு வைத்திருப்பார்கள். ஊருக்கே விற்ற விளையாட்டு அது, வெளிநாட்டுக் கடைகளில் கூடையில் போட்டுத் தள்ளிவிடுவார்கள். மறுபக்கம், உண்மையிலேயே விலைமதிப்புள்ளதை அடிமாட்டு விலைக்கு அள்ளும் ஆட்களும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். பீனிக்ஸில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆன்ட்டி. மகன் ஆஸ்திரேலியா போய்விட்டார், அவருடைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகள் ஒரு ஷூ டப்பாவில் கிடந்தன. ஒருவர் வந்து பார்த்துவிட்டு “எல்லாம் குப்பை ஆன்ட்டி, மொத்தமா 300 ராண்ட் தரேன்” என்றிருக்கிறார். அவர் போன பிறகு எங்களைக் கூப்பிட்டார். முக்கால்வாசி நகல் டிஸ்க், கால்பந்து, கார் ரேஸ். நடுவில் ஒன்று ‘சூய்கோடன் 2’, அசல் ஐரோப்பியப் பிரதி, புத்தகத்தோடு. பிளேஸ்டேஷன் ஆட்களுக்கு அதன் பெயர் சொன்னால் போதும். அந்த டப்பா முழுவதையும்விட அது ஒன்று பல மடங்கு பெறும். வந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

விற்ற விலைப் பட்டியலை ஆன்ட்டியின் போனிலேயே திறந்து காட்டினோம். மகனிடம் கேட்டார், அவர் விற்கச் சொன்னார், குழுவில் ஒருவர் நியாயமான தொகைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் குழுவில் எழுதாத விதி இது: விவரம் தெரியாதவரிடம் வாங்குகிறாய் என்றால் முதலில் விவரத்தைச் சொல், அப்புறம் பேரம் பேசு. சிலர் இதைக் கேலி செய்துவிட்டு விலகிப் போனார்கள். போகட்டும். இந்த விதியால் எங்களுக்கு நஷ்டமே இல்லை, இப்போது பீனிக்ஸ், வெருலம், டொங்காட் வரை வீட்டுச் சாமான் ஒதுக்குகிறவர்கள் எங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

காசு அதிகம் போடாமல் ஆட வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது கோல்டன் சைனாதான். எளிதில் உடையும் பிளாஸ்டிக், கேசட்டைத் திறந்தால் சிப்புக்குப் பதில் கறுப்புத் தார்ச் சொட்டு, ‘99 லட்சம் ஆட்டம்’ என்று எழுதியிருந்தால் ஏழெட்டு ஆட்டம்தான் பெயர் மாறி மாறி வரும். எல்லாம் உண்மை. ஆனால் அதில் இருப்பது 60 முனைத் துளை, ஜப்பான் ஃபேமிகாமில் இருக்கும் அதே துளை. ஜப்பானின் அசல் கேசட்டுகள் அதில் நேராகப் போய் உட்காரும், பெரும்பாலும் ஓடவும் செய்யும். அமெரிக்க நிண்டெண்டோவுக்கு 72 முனை, அது நுழையாது. ஏலக்காரர்கள் கண் வைத்தது அந்த அமெரிக்கப் பெட்டிகளின் மேல். அதே ஆட்டத்தின் ஜப்பான் கேசட், பெட்டி இல்லாமல், பல நேரம் ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) விலைக்குக் கிடைக்கும். ஓடிக் குதித்துச் சுடும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள், ஜப்பான் மொழி தேவைப்படாது. நாலைந்து கேசட்டாகச் சேர்த்து வரவழைத்தால் தபால் செலவும் பங்கு பிரியும்.

இப்போது பெட்டியோடு உள்ள கோல்டன் சைனாவுக்கும் இங்கே விலை ஏறத் தொடங்கிவிட்டது. அந்தப் பெட்டியும் அட்டைதான், சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் இன்னும் விலை ஏறாத ஒன்று உண்டென்றால் அது பழைய குண்டு டிவி. கோல்டன் சைனாவோடு வந்த துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாது, வாத்து பறக்கும், நீங்கள் சுடுவீர்கள், ஒன்றும் விழாது. அதற்குப் பிம்பக்குழாய் டிவிதான் வேண்டும். வீடு மாற்றுகிறவர்கள் இன்றும் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள், கேட்டால் நன்றி வேறு சொல்கிறார்கள். மஞ்சள், வெள்ளை ஏவி துளை முன்பக்கம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும், அது அண்ணன் மாதிரி ஆட்களின் வேலை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள் 14 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.